நின்றால் நடுக்கம், ஓடினால் உதறல்: ஆட்டோமேட்டிக் டீசல் காரில் கோளாறு எங்கே? இன்ஜெக்டரை மாற்றும் முன் இதைப் படிங்க!

நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்பு. சிக்னலில் கார் நிற்கிறது. கியர் 'டி'யில், கால் பிரேக்கில். ஸ்டீயரிங் நடுங்குது. பக்கத்தில் இருக்கும் தண்ணி பாட்டிலில் சின்னச் சின்ன அலை. லிவரை 'என்'னுக்குத் தள்ளினால் நடுக்கம் பாதியாகக் குறையுது. பச்சை விழுந்து வண்டி கிளம்பியதும் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுது.

ஆட்டோமேட்டிக் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. அடுத்து நடப்பதும் பழக்கமானதுதான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் "நாலு இன்ஜெக்டரும் போச்சு" என்பார்கள். இன்னொரு இடத்தில் "கியர் பாக்ஸ் இறக்கணும்" என்பார்கள். இன்ஜெக்டர் ஒன்றுக்கே ஐந்து இலக்கத்தில் பில் வரும் கார்கள் உண்டு. நாலையும் மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் அதே சிக்னலில் அதே நடுக்கம் என்றால் எப்படி இருக்கும்?

எந்த பாகம் போச்சு என்று கேட்பதற்கு முன்னால், அதிர்வு எங்கிருந்து வருது என்று கேட்க வேண்டும். இன்ஜினா, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கா, கியர் பாக்ஸா? இதைப் பிரித்துப் பார்க்க பெரிய மெஷின் வேண்டாம். பாதி வேலையை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே முடிக்கலாம்.

முதல் கேள்வி: உங்க வண்டியில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லை என்றால் எல்லாமே ஒரே ஆட்டோமேட்டிக் என்று நினைப்பது தப்பு. டீசல் கார்களில் முக்கியமாக மூன்று வகை வந்திருக்கிறது.

ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி700, டாடா ஹாரியர் போன்றவற்றின் டீசல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். பழைய இன்னோவா கிரிஸ்டா 2.8 ஆட்டோமேட்டிக்கும் இதே வகைதான். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஆயில்தான் விசையைக் கடத்துது. மாருதி டிசையர், பிரெஸ்ஸா டீசலில் வந்தது ஏஎம்டி. டாடா நெக்ஸான் டீசலிலும் அதுவே. சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஒரு கருவி செய்யுது. ஃபோக்ஸ்வேகன் வென்டோ, ஸ்கோடா ரேபிட் டீசலில் வந்த டிஎஸ்ஜி மூன்றாவது வகை, இரட்டைக் கிளட்ச்.

இது ஏன் முக்கியம்? டார்க் கன்வெர்ட்டர் வண்டியை 'டி'யில் போட்டு பிரேக்கைப் பிடித்தால், சக்கரம் நின்றாலும் இன்ஜின் அந்த ஆயிலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அதாவது இன்ஜினுக்கு எப்போதும் கொஞ்சம் சுமை. ஏஎம்டியிலும் இரட்டைக் கிளட்சிலும் பிரேக்கை மிதித்து நின்றால் கிளட்ச் விலகிவிடும். சுமை கிட்டத்தட்ட இல்லை. அதனால் 'டி'யில் நடுங்குது, 'என்'னில் இல்லை என்ற ஒரே புகாருக்கு வண்டிக்கு வண்டி அர்த்தம் மாறும்.

ஐந்து நிமிட சோதனை

இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்க. சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்க, கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

ஏசியை அணைத்துவிட்டு 'பி'யில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. சூடான டீசல் இன்ஜின் பெரும்பாலும் 750-லிருந்து 850-க்குள் நிற்கும். முள் அசையாமல் நிற்குதா, ஏறி இறங்குதா? அடுத்து 'என்', பிறகு 'டி', பிறகு 'ஆர்'. ஒவ்வொன்றிலும் பத்து விநாடி. கடைசியாக ஏசியைப் போட்டு மறுபடியும் ஒரு சுற்று. 'என்'னில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1500 வரை கொண்டுபோயும் பாருங்க.

முள் அசையவே இல்லை, இன்ஜின் சத்தம் சீராக இருக்கு, ஆனால் 'டி'யிலோ 'ஆர்'லோ போட்டதும் பாடி மட்டும் நடுங்குது என்றால், டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் முதல் சந்தேகம் மவுண்டிங் மேல்தான். டீசல் கார்கள் பலவற்றில் இந்த மவுண்டிங் வெறும் ரப்பர் இல்லை. உள்ளே திரவம் நிரப்பியது. ரப்பர் வெடித்து திரவம் ஒழுகிவிட்டால் இன்ஜினின் இயல்பான குலுக்கல் அப்படியே பாடிக்கு வந்துவிடும். மவுண்டிங் அடியில் கறுப்பாக ஈரப் பிசுக்கு இருக்கான்னு டார்ச் அடித்துப் பார்த்தாலே பல நேரம் விஷயம் தெரிந்துவிடும். இன்ஜெக்டரோடு ஒப்பிட்டால் செலவு மிகவும் குறைவு.

'பி', 'என்', 'டி' எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடுக்கம், முள்ளும் ஆடுது, சைலன்சர் சத்தம் தாளம் தப்பி வருது என்றால் அது இன்ஜின். மெக்கானிக் பாஷையில் 'மிஸ்ஸிங்'. நான்கு சிலிண்டரில் ஏதோ ஒன்று தன் பங்கு வேலையைச் செய்யவில்லை.

நிற்கும்போது எல்லாம் சரி, ஓடும்போது மட்டும் உதறுது என்றால் கதை வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பிளக் மாத்தினால் சரியாகுமா?

பெட்ரோல் கார் பழக்கத்தில் பலரும் முதலில் சொல்வது இது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை இறுக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கும் இன்ஜின் இது. 'க்ளோ பிளக்' என்று ஒன்று உண்டு. அது குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றி. மார்கழியிலும் பெரிய குளிர் இல்லாத நாகர்கோவிலில், இன்ஜின் சூடான பிறகும் தொடரும் நடுக்கத்துக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. காலையில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் உதறி, வெள்ளைப் புகை வந்து, பிறகு சரியாகுது என்றால் மட்டும் அதைப் பார்க்கச் சொல்லுங்க.

மழையும் உப்புக் காத்தும்

இன்ஜின்தான் என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது டீசலை. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நன்றாக நனையும் மாவட்டம் குமரி. காற்றில் ஈரம் அதிகம். டேங்கை எப்போதும் கால்வாசியிலேயே வைத்து ஓட்டினால், மீதி இடத்தில் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணியாக டேங்கில் சேரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவுக்கு வரும்போது மட்டும் எடுக்கும் வண்டிகளில் இதை மறக்கவே கூடாது.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணியைப் பிரித்து வைக்கும் கிண்ணம் இருக்கும். மெக்கானிக் அதைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் போதும். தண்ணி கீழே தனியாக நிற்கும். ஃபில்டர் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆச்சு என்று சர்வீஸ் புக்கில் பாருங்க. டீசல் பைப் எங்காவது லேசாக வெடித்து காற்றை இழுத்தாலும் மிஸ்ஸிங் வரும். ஒளி ஊடுருவும் பைப் உள்ள வண்டியில் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரி கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. உப்புக் காத்தில் ஒயர் கனெக்டருக்குள் பச்சைப் பூஞ்சை மாதிரி துரு பிடிக்கும். இன்ஜெக்டர் நல்லா இருந்தாலும் கனெக்டர் கெட்டால் சிக்னல் போகாது. கழற்றிச் சுத்தம் பண்ணிப் பார்க்காமல் இன்ஜெக்டரை மாற்றச் சொல்வது நியாயமே இல்லை.

டீசல் போட்ட அன்றே கோளாறு ஆரம்பித்திருந்தால் அந்த பில்லைப் பத்திரமாக வையுங்க. பங்கில் அடர்த்தி சோதனை செய்து காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கு.

பழைய ஜீப் வைத்தியம் இங்கே வேண்டாம்

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து ஜீப்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் ஸ்பேனரால் லேசாகத் தளர்த்துவது. எந்த சிலிண்டர் நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, கோளாறு அதில். அந்தக் கால டீசலுக்கு அது அருமையான சோதனை.

இப்போதுள்ள காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்தால் ஆபத்து. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் முதலில் வந்த இந்த முறையில், டீசல் எப்போதும் மிக அதிக அழுத்தத்தில் ஒரு குழாயில் காத்திருக்கும். முழு வேகத்தில் 1600 பாருக்கு மேல் போகும் இன்ஜின்கள் சாதாரணம். நம்ம டயரில் அடிக்கும் காற்று சுமார் 2.3 பார். கிட்டத்தட்ட 700 மடங்கு! நின்று ஓடும்போது அழுத்தம் குறைவு என்றாலும், அதுவே நூற்றுக்கணக்கான பார். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனால் உடனே அறுவை சிகிச்சை வரை போக வேண்டிய காயம் அது. சில வகை இன்ஜெக்டர்களில், ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினாலே இன்ஜெக்டர் கெட்டுப்போகும். ஒர்க்‌ஷாப்பில் யாராவது ஸ்பேனரோடு அந்தப் பக்கம் போனால், தயங்காமல் "அண்ணே, வேண்டாம், ஸ்கேனர்ல பாருங்க" என்று சொல்லிடுங்க.

ஸ்கேனர் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோட் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 என்றால் இரண்டாவது, அப்படியே தொடரும். பி0087 என்றால் குழாயில் டீசல் அழுத்தம் போதவில்லை.

இங்கேதான் பணம் போகுது. பி0301 வந்தால் 'முதல் இன்ஜெக்டர் போச்சு' என்று அர்த்தம் இல்லை. அந்த சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். இன்ஜெக்டர், கனெக்டர், ஒயர், அந்த சிலிண்டரின் கம்ப்ரெஷன், எதுவாகவும் இருக்கலாம்.

நல்ல ஸ்கேனரில் 'இன்ஜெக்டர் கரெக்‌ஷன்' என்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எண் வரும். இன்ஜினைச் சீராக ஓட்ட, கம்ப்யூட்டர் எந்த சிலிண்டருக்கு டீசலைக் கூட்டுது, எதற்குக் குறைக்குது என்ற கணக்கு. நாலும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தனியாக எகிறி நின்றால் அந்த சிலிண்டரைப் பிடிக்க வேண்டும். எந்த அளவு வரை போகலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

அடுத்து 'ரிட்டர்ன்' சோதனை. இன்ஜெக்டரில் மிச்சமாகி டேங்குக்குத் திரும்பும் டீசலை, ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் தனித்தனி பாட்டிலில் சில நிமிடம் பிடிப்பார்கள். மூன்று பாட்டில் விரற்கடை அளவு நிறைய, நாலாவது மட்டும் பாதிக்கு மேல் போனால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்துவிட்டது. செலவு அதிகம் இல்லாத, கண்ணால் பார்க்கக்கூடிய சோதனை. கூடவே நின்று பாருங்க, மொபைலில் ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. டீசல் தெளிக்கும் விதம் சரியா என்பதை மட்டும் இது காட்டாது. அதற்கு இன்ஜெக்டரைக் கழற்றி பெஞ்சில் போட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு படி இருக்கு: கம்ப்ரெஷன் சோதனை. பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்து காற்றை அமுக்க முடியாத சிலிண்டருக்கு, தங்கத்தில் இன்ஜெக்டர் செய்து போட்டாலும் மிஸ்ஸிங் போகாது. இன்ஜெக்டரை மாற்றியே ஆகணும் என்றால், அதன் தலையில் அச்சிட்டிருக்கும் கோடை கார் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்க. அந்த முறை உள்ள வண்டியில் கோட் ஏற்றாமல் விட்டால், புது இன்ஜெக்டரோடும் நடுக்கம் தொடரலாம்.

புகைக்கரி: மெதுவாக ஓட்டுபவர்களின் பிரச்சனை

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் தினமும் போய் வருபவர்களுக்குத் தெரியும், மூன்றாவது கியருக்கு மேல் போகவே சில நேரம் இடம் கிடைக்காது. டீசல் இன்ஜினுக்கு இது ஆகாது. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி படியும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நின்று ஓடும்போது உதறல், கறுப்புப் புகை, பிக்கப் இல்லாமை எல்லாம் சேர்ந்தே வரும். பல வண்டிகளில் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டியும் உண்டு. சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானாகவே எரிக்கும். அந்த நேரத்தில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும், சத்தம் மாறும், ஃபேன் வேகமாகச் சுற்றும், மைலேஜ் குறையும். இது கோளாறு இல்லை! பயந்துபோய் இன்ஜினை அணைப்பதுதான் தப்பு. திரும்பத் திரும்ப பாதியில் நிறுத்தினால் கரி அடைத்துக்கொள்ளும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆயில் குறைவதைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. டீசல் காரில் ஏறினாலும் கவலைப்படணும்.

ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, காவல்கிணறிலிருந்து நெல்லை நோக்கிப் போகும் நான்கு வழிச்சாலை இதற்குத் தோதான இடம். அவ்வப்போது இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் சீராக ஓட்டினால் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

'எல்லாம் ஓட்டுறவர் தப்பு' என்று இதை முடிக்கவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளில் டிபிஎஃப் அமைப்பே குறைபாடுள்ளது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சம்பந்தப்பட்டவை 2,64,170 வண்டிகள். இழப்பீட்டுக் கணக்கு பற்றிய வழக்கு 2024-ல் அந்நாட்டு உச்ச அமைப்பான ஹை கோர்ட் வரை போனது.

ஓடும்போது மட்டும் உதறினால்?

80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடுவது பெரும்பாலும் வீல் பேலன்ஸ். 'என்'னில் போட்டு உருட்டினாலும் ஆடும். (இதை ஓடும் சாலையில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.)

50-லிருந்து 70-க்குள், ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்துச் சீராகப் போகும்போது, சாலையில் போட்டிருக்கும் தடித்த வெள்ளைக் கோடுகள் மேல் ஏறின மாதிரி சில விநாடி 'டர்ர்ர்' என்று அதிர்ந்து நின்றால், டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் 'லாக்-அப் கிளட்ச்' மேல் சந்தேகம் வரணும். சீரான வேகத்தில் ஆயில் வழுக்கலைத் தவிர்க்க இன்ஜினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச் அது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்ததும் பூட்டு விலகி ஆர்பிஎம் ஏறும், அதிர்வு அந்த நொடியே மறையும். இன்ஜின் மிஸ்ஸிங் என்றால் மிதிக்க மிதிக்க மோசமாகத்தான் ஆகும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்கேனரில் லாக்-அப் நிலையைப் பார்த்தபடி ஓட்டினால் சந்தேகமே மிஞ்சாது. முதல் மருந்து கியர் பாக்ஸ் ஆயில் மாற்றுவது; நிறுவனம் சொன்ன அதே வகை ஆயில்தான் போடணும். அதிலும் சரியாகாவிட்டால்தான் கன்வெர்ட்டர்.

ஏஎம்டியில் ஏற்றத்தில் கிளம்பும்போது உதறினால் கிளட்ச் தேய்மானம். பாலத்து ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால் அந்தக் கிளட்ச் சீக்கிரம் தீரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்படித் தண்ணியில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தால், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணியை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். வண்டி ஓடும், ஆனால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைந்து நடுங்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் கம்ப்ரெஷன் சோதனை கேட்க இதுவும் ஒரு காரணம். சாதாரண இன்சூரன்ஸில் இந்த இன்ஜின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். அதற்கென 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' தனியாக எடுக்க வேண்டும்.

"நீங்க ஓட்டுற விதம் சரியில்ல" என்றால்?

இந்த பதிலும் புதுசு இல்லை. ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ் கார்கள் உதறுவதாகப் புகார் சொன்னவர்களிடம், அவர்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று ஃபோர்டு நிறுவனம் சொல்லியது. புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இங்கேயும் வழி இருக்கு. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "நடுங்குது" என்று மட்டும் சொல்லாதீங்க. இன்ஜின் சூடா, குளிர்ச்சியா, எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், ஏசி ஓடுச்சா என்று எழுதிக் கொடுங்க. ஜாப் கார்டில் அதே வார்த்தைகள் ஏறுதான்னு பாருங்க. சோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்க. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்க. பாகம் மாற்றியும் அதே கோளாறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மேலே போக, நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கு. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும். ஜாப் கார்டு, பில், ஸ்கேனர் ரிப்போர்ட், அந்த நாலு பாட்டில் போட்டோ எல்லாம் அங்கே ஆதாரமாக உதவும்.